டிஸ்னிக்குப் பக்கத்தில் ஓர் இரவு: மச்சாளுக்கு எந்த அறை?

போன கிழமை புதுக்குடியிருப்பில் இருந்து மச்சாள் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். மூன்று நிமிடம். முதல் இரண்டு நிமிடமும் பிரான்ஸ் விசா கிடைத்த கதை. கடைசியில்தான் விசயம் வந்தது: "நீ போய் நிண்டு வந்தனி எல்லோ. டிஸ்னிக்காரரின்ர ஹொட்டேலே மலிவா இருக்காம், புக் பண்ணட்டோ எண்டு தம்பி கேக்கிறான். பிள்ளையள் இப்பவே துள்ளுதுகள். மாமியும் வாறா. எது நல்லம் எண்டு ஒருக்காச் சொல்லு."

நான் கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, 14 அறை உள்ள ஒரு லொட்ஜின் வரவேற்பு மேசையில் இருப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் மருமகளின் சாமத்திய வீட்டுக்கு அம்மாவோடு பிரான்ஸ் போனபோது, அண்ணா ஆசையோடு ஒரு மலிவு ஹொட்டேலில் இரண்டு இரவு எடுத்துத் தந்தார். அறை கொடுக்கிற பக்கமும் தெரியும், அறை எடுத்து முகம் சுளித்த பக்கமும் தெரியும். அதனால் மச்சாளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். ஆகஸ்டில் பாரிஸ் போகிற வேறு வன்னிச் சனத்துக்கும் உதவட்டும்.

முதலில் போகிறவர்களை எண்ண வேண்டும். மச்சாள், அவளின் மனிசன், 11 வயதுப் பெடியன், 7 வயதுப் பெட்டை, 70 தாண்டிய மாமி. ஐந்து பேர். இந்த ஐந்து என்ற எண் பாதி முடிவை எடுத்துவிடுகிறது. டிஸ்னிலான்ட் பாரிசின் மலிவு ஹொட்டேல்கள் சான்ரா ஃபே, ஷையென் என்று இரண்டு. 1992 இல் பார்க் திறந்த காலத்தில் இருந்தே இருப்பவை, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,000 அறைகள். சாதாரண அறை நாலு பேருக்கு அளந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் தொட்டில் போட்டுத் தருவார்கள். மாமிக்குத் தொட்டில் போட முடியாது. ஐந்தாவது ஆள் வந்தால் பெரிய குடும்ப அறை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு அறை. பிரான்சில் இருக்கிற தம்பி கண்ட அந்த மலிவு விலை ஒரு அறைக்கா, இரண்டுக்கா என்று கேட்டேன். "பொறு, கேட்டுச் சொல்லுறன்" என்றாள்.

அடுத்தது, அந்த விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்பது. டிஸ்னியின் சொந்த ஹொட்டேல்களைப் பெரும்பாலும் பார்க் நுழைவுச்சீட்டோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஒரு இரவு எடுத்தால் இரண்டு நாளுக்குச் சீட்டு. பிள்ளைகளுக்கு இரண்டு நாளும் பார்க் வேண்டும் என்றால் அது நல்ல கணக்கு. ஒரு நாள் போதும், மற்ற நாள் மாமியை லூர்து மாதாவிடம் கூட்டிப்போக வேண்டும் என்றால், போகாத நாளுக்கும் ஐந்து சீட்டுக் காசு கட்டியதாக முடியும். மற்ற ஹொட்டேல்காரர் அறையை மட்டும் விற்பார்கள், விலை குறைவாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது மலிவு" என்பது, தோல் உரித்த தேங்காயையும் உரிக்காத தேங்காயையும் ஒரே தராசில் வைப்பது போல. அறை, ஐந்து பேருக்குச் சீட்டு, போக்குவரத்து, சாப்பாடு நாலையும் கூட்டிப் பிறகு பார்க்கச் சொன்னேன். பிள்ளைச் சீட்டு 3 முதல் 11 வயது வரைதான், 12 என்றால் பெரிய ஆள் விலை. பெடியனுக்கு மார்கழியில் 12 ஆகிறது. ஆகஸ்டில் போவது ஒரு வகையில் லாபம்.

இனிச் சேவை. வவுனியாவில் நான் படித்த விடுதி முகாமைத்துவ வகுப்பில் மனதில் தங்கியது ஒரு பாடம்தான். பரசுராமன், சைதாமல், பெரி என்ற மூன்று பேராசிரியர்கள் அமெரிக்காவில் இருந்து 1985 இல் எழுதியது. 1988 இல் அதை 22 கேள்வி கொண்ட அளவுகோலாக்கினார்கள். விருந்தாளி உங்கள் சேவையை அப்படியே நிறுப்பதில்லை. வரும்போது மனதில் கொண்டுவந்ததைக் கிடைத்ததில் இருந்து கழித்துப் பார்க்கிறார், அந்த மிச்சத்துக்குத்தான் புள்ளி. அவர்கள் பிரித்த ஐந்து பக்கங்களில் விருந்தாளிகள் மேலே வைத்தது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதை. கடைசியில் வைத்தது சுவர், கதிரை, உடுப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறவற்றை.

அது உண்மை என்று எனக்குக் காட்டியது புத்தகம் இல்லை, எங்கள் லொட்ஜின் ஹீற்றர். அறை பதியும் இணையத்தளத்தில் 'சுடுதண்ணி' என்ற கட்டத்துக்குச் சரி போட்டவள் நான்தான். 14 அறையில் இரண்டில்தான் ஹீற்றர். ஆகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வந்த ஒரு குடும்பம் மேசையைத் தட்டிச் சண்டை பிடித்தது. வெளியே கச்சான் காத்து அனலாக வீசுகிறது, ராங்கித் தண்ணியே சுடுகிறது. ஆனாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம், சரி போட்டிருந்தது. அடுத்த நாள் அந்தச் சரியை எடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒருத்தரும் சுடுதண்ணி கேட்டுச் சண்டை பிடித்ததில்லை. ஹீற்றர் இப்போதும் இரண்டுதான்.

டிஸ்னியின் மலிவு ஹொட்டேலில் எதைச் சரி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், கட்டிலுக்கும் துவாய்க்கும் இல்லை. நேரத்துக்கும் கதைக்கும்தான். சான்ரா ஃபே முழுக்க 'கார்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தின் பாத்திரங்கள், ஷையென் பழைய அமெரிக்க மேற்கின் குதிரைக்காரர் ஊர். மூன்று பேராசிரியர்களும் கடைசியில் வைத்த சுவரை இங்கே முதலில் வைத்து விற்கிறார்கள், அது ஏழு வயதுப் பிள்ளையிடம் நன்றாக எடுபடுகிறது. பெரிய ஆக்களுக்கு உண்மையில் பெறுமதியானது காலையில் உள்ள சலுகை: டிஸ்னி ஹொட்டேல்களில் தங்குகிறவர்கள் பார்க் திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் வரை முந்தி உள்ளே போகலாம். எல்லா ராட்டினமும் ஓடாது, குறித்த சிலதுதான். என்றாலும் ஆகஸ்ட் நெரிசலில் அந்த ஒரு மணித்தியாலம் பிறகு மூன்று வரிசையில் நிற்பதை மிச்சம் பிடிக்கும். பார்க்குக்கு இலவச பஸ் உண்டு, நடந்தால் இருபது நிமிடம் மட்டில்.

இல்லாதது என்ன? இரண்டு ஹொட்டேலிலும் நீச்சல் தடாகம் இல்லை. பெட்டி தூக்க ஆள் ஓடி வராது. பின்னேரம் 3 மணிக்கு முன் அறை கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. அதுவரை பெட்டியைப் பெட்டி அறையில் வைத்துவிட்டுப் பார்க்குக்குப் போய்விட வேண்டும். ஆயிரம் அறை உள்ள இடத்தில் மேசையில் இருக்கிற பிள்ளை உங்கள் முகத்தை ஞாபகம் வைத்திருக்காது. எங்களுடைய 14 அறையிலேயே மூன்றாம் நாள்தான் எனக்குப் பெயர் பிடிபடுகிறது. வரிசையும் அட்டையும் எழுதிப் போட்ட அறிவித்தலும்தான் அங்கே சேவை. அதைத் தெரிந்து போனவருக்கு ஒரு குறையும் தெரியாது. 'டிஸ்னி' என்ற பெயரைப் பார்த்து ராசா வீட்டு உபசாரம் என்று போனவர் முதல் மணித்தியாலமே முகம் கறுப்பார்.

கனடா சனத்துக்கு ஒரு குறிப்பு, சுருக்கமாக. ஃபுளோரிடாவிலும் கதை இதேதான், அளவுதான் பெரிது. 1990களில் திறந்த ஓல் ஸ்ரார் என்ற மூன்று மலிவு ஹொட்டேல்களிலும் சேர்த்து 5,000 இற்கு மேல் அறைகள். ஒரு அறை 260 சதுர அடி, பார்க்குக்கு பஸ். கொஞ்சம் கூடக் கொடுத்து 2003 இல் திறந்த பொப் செஞ்சரியில் நின்றால், 2019 இல் வந்த, கம்பியில் தொங்கி ஓடுகிற கேபிள் கார் இரண்டு பார்க் வாசலுக்குக் கொண்டுபோய் விடும். ஸ்காபரோவில் இருக்கும் சின்னம்மா "பஸ்ஸுக்கு நிண்டதுதான் எனக்கு டிஸ்னி" என்று இன்றைக்கும் சொல்லுவா.

நாங்கள் நின்றது இந்த இரண்டு ஹொட்டேலிலும் இல்லை. பார்க்கைச் சுற்றி, வேறு நிறுவனங்கள் நடத்துகிற, இலவச பஸ் விடுகிற ஹொட்டேல்கள் ஒரு தொகுதியாக இருக்கின்றன. அதில் ஒன்று, பெயர் வேண்டாம். 'பார்க்குக்கு பஸ்ஸில் 10 நிமிடம்' என்று போட்டிருந்தது. பொய் இல்லை, காலையில் பத்து நிமிடம்தான். இரவுக்கதை வேறு. கோடையில் பாரிசில் சூரியன் மறையவே ஒன்பது தாண்டும். அதனால் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை நன்றாக இருட்டின பிறகு, பார்க் பூட்டுகிற நேரத்தில்தான். முடிந்ததும் முழுச் சனமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். அந்த பஸ் பல ஹொட்டேல்களைச் சுற்றிப்போகிற பஸ். முதல் பஸ் நிரம்பிப் போனது, இரண்டாவதும் போனது. அண்ணாவின் தோளில் சின்னவள் வாய் திறந்து நித்திரை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கல்லில் இருந்துவிட்டா. மூன்றாவது பஸ்ஸிலும் நின்றுதான் போனோம், அம்மாவுக்கு மட்டும் ஒரு கறுப்பினப் பெடியன் எழும்பி இடம் விட்டான்.

அறைக்கு வந்தால் ஒரு கட்டிலும் ஒரு விரிக்கிற சோபாவும். நாலு பேருக்கு இரண்டு போர்வை. மேசையில் போய்க் கேட்டால் "நாளைக்கு" என்றார்கள். அண்ணா பிரெஞ்சில் கொஞ்சம் குரலை உயர்த்தினார். பதில் இன்னும் மரியாதையாக, இன்னும் இறுக்கமாக வந்தது. கடைசியில் இரவுக் காவலுக்கு நின்ற மனிசன் எங்கேயோ இருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கதவடியில் தந்துவிட்டுப் போனார். அவருடைய வேலை இல்லை அது. அந்த இரண்டு இரவிலும் சேவை என்று நான் கண்டது அந்தக் கம்பளி மட்டும்தான்.

இதில் ஹொட்டேலின் பிழை எவ்வளவு, எங்கள் பிழை எவ்வளவு என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். போர்வை அவர்களின் பிழை. நாலு பேர் என்று காசு வாங்கினால் நாலு பேருக்கு இருக்க வேண்டும். பஸ் பாதிப் பிழை. குளியலறை முழுக்க எங்கள் எண்ணத்தின் பிழை. அம்மா உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டா. "வாளி எங்க பிள்ளை?" வாளி இல்லை, கோப்பை இல்லை, தொட்டிக்கு வெளியே தண்ணி போக வழியும் இல்லை. கழிப்பறையில் கடதாசிதான். நான் ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலை வெறுமையாக்கிக் கொடுத்தேன். அந்தப் போத்தல் இரண்டு நாளும் அம்மாவோடு பார்க்குக்கும் வந்தது. அறையில் கேத்தலும் இல்லை. தேத்தண்ணிக்காகக் கீழே போய், இயந்திரத்துக்குக் காசு போட்டு, சீனி இல்லாமல் குடித்துவிட்டு வந்தா. வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி, சீஸ், குறுவாசோன், நீளப் பாண். அம்மா பாணை எடுத்து, கைப்பையில் இருந்த பருத்தித்துறை வடையை உடைத்து வைத்துச் சாப்பிட்டா. பக்கத்து மேசைப் பிள்ளை வடையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கும் ஒன்று கொடுத்தா.

எங்கள் லொட்ஜுக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் கேளாமலே தேத்தண்ணி கொடுக்கிறோம், பெட்டி தூக்குகிறோம், வயதானவர் என்றால் கீழ் அறை கொடுக்கிறோம். அப்படியும் மாரியில் கண்ணாடியில் ஒரு தவளை ஒட்டியிருந்ததற்காகக் குறை எழுதிவிட்டுப் போகிறார்கள். அதே ஆக்கள் அங்கே பெட்டியைத் தாங்களே இழுத்து, கட்டிலைத் தாங்களே விரித்து, "சுப்பர்" என்று படம் போடுகிறார்கள். முதலில் எனக்கு இது கோபமாகத்தான் இருந்தது. அங்கே போய் நின்ற பிறகுதான் கோபம் குறைந்தது. ஊருக்கு வருகிறவர்கள் மனதில் கொண்டுவருவது ஒரு வீட்டை. அங்கே போகும்போது கொண்டுபோவது பார்க்கை, அறை அவர்களுக்குப் பெட்டி வைக்கிற இடம்.

சரி, மச்சாளுக்கு மிச்சம் இருக்கிற வழிகள். தம்பியின் வீட்டிலேயே நின்று ரயிலில் போய் வருவது ஒன்று. 2025 தொடக்கத்தில் இருந்து, விமான நிலையங்கள் தவிர, பாரிஸ் வட்டாரம் முழுக்க ரயிலுக்கு ஒரே விலைச் சீட்டு ஆக்கிவிட்டார்கள், அந்த வருடம் 2.50 யூரோ. முந்தி பாரிசில் இருந்து டிஸ்னி வரை அதைப்போல் இரண்டு மடங்கு. அறைக் காசு மிச்சம், சோறும் மிச்சம். விசாவுக்கும் தம்பி மேரியில் (அங்கத்தைய நகரசபையில்) எடுத்த வரவேற்புச் சான்றுதான் காட்டியிருக்கிறார்கள், அவன் வீட்டில் நிற்பதுதான் முறையும். ஆனால் தம்பி இருப்பது சார்செல். ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் பாரிசுக்குள் வந்து, ஆர்.ஈ.ஆர். ஏ மாறி, பிறகு அதில் நாற்பது நிமிடம் மட்டில் கடைசித் தரிப்பு வரை. ஒரு வழிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். காலையில் பரவாயில்லை. வாணவேடிக்கை முடிந்து, நித்திரைப் பிள்ளைகளோடும் மாமியோடும் நள்ளிரவை ஒட்டி ஷற்லே நிலையத்தின் நீள நடைபாதைகளில் ரயில் மாறுவதை நான் என் எதிரிக்கும் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் திருத்த வேலைக்காக ஏ பாதையில் சில துண்டுகளை மூடின வருடங்களும் உண்டு. வாணவேடிக்கை வேண்டாம், ஏழு மணிக்குத் திரும்பிவிடுவோம் என்றால் இதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஏழு மணிக்குத் திரும்ப அந்தப் பிள்ளைகள் விடுமா என்பதை அவள் அறிவாள்.

இன்னொன்று டேவி குரொக்கெற் ராஞ்ச். டிஸ்னியினுடையதுதான், காட்டுக்குள் மரவீடுகள். ஒரு வீட்டில் ஆறு பேர் வரை படுக்கலாம், சின்னக் குசினி உண்டு, நீச்சல் தடாகமும் உண்டு, காலைச் சலுகை நேரமும் உண்டு. எங்கள் ஆக்களுக்கென்றே கட்டியது போல இருக்கும். ஒரேயொரு இடக்கு, அங்கிருந்து பார்க்குக்கு பஸ் இல்லை, கார் வேண்டும். தம்பியிடம் கார் உண்டு, ஆனால் அவன் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை, கிழமையில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் சாரதியாக்குவது பாவம். அவன் இரண்டு நாள் லீவு எடுத்துத் தானும் கூட நிற்கிறான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம், ஆறாவது படுக்கையும் நிரம்பும்.

நான் மச்சாளுக்குச் சொன்னது நாலாவது வழி. டிஸ்னிக்கு ஒரு தரிப்பு முந்தி வால் தெறோப் என்று ஒரு நிலையம். அங்கே குசினியோடு வாடகைக்கு விடுகிற வீட்டு ஹொட்டேல்கள் இருக்கின்றன, அடாஜியோ போல. ஐந்து ஆறு பேருக்கு அளவான வீடும் அவற்றில் கிடைக்கும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெரிய கடைத்தொகுதி, அதற்குள் ஓஷான் என்ற பெரிய சுப்பர்மார்க்கற். அரிசி, பால், முட்டை, மரக்கறி எல்லாம் வாங்கலாம். இரவில் ஒரு தரிப்பு ரயிலில் வந்தால் போதும். மாமி களைத்தால் பின்னேரமே தனியாகக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, தாயோ தகப்பனோ ஒருவர் திரும்பப் போகலாம். எனக்கு இதுதான் பெரிய விசயமாகப் பட்டது. இழப்பதும் உண்டு. காலைச் சலுகை நேரம் இல்லை, சுவரில் கார்ப் படம் இல்லை, ஒவ்வொரு நாளும் வந்து கூட்டித் துடைக்க மாட்டார்கள், கோப்பை கழுவுவதும் நாங்கள்தான். அதுகள் ஒன்றும் மச்சாளுக்குப் புதிது இல்லை. ஒரு இரவுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

எதை எடுத்தாலும் தம்பியைக் கொண்டு மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னேன்: ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் படுக்கையும் போர்வையும் உண்டா, கேத்தல் உண்டா, குளிக்கத் தொட்டியா அல்லது கால் தூக்காமல் போகிற ஷவரா. எங்களிடம் ஒருவர் முன்கூட்டியே இப்படிக் கேட்டு எழுதினால், அந்த அறையை நான் இரண்டு தரம் போய்ப் பார்ப்பேன். அங்கேயும் மனிசர்தான் வேலை செய்கிறார்கள்.

பிள்ளைகளின் கார்ப் படத்துக்கு என்ன செய்வது என்று மச்சாள் விடவில்லை. சான்ரா ஃபேயைச் சும்மா போய்ப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வரலாமே என்று நான் சொல்ல, பெடியன் பின்னால் இருந்து "அது நிண்டதாகாது மாமி" என்று கத்தினது கேட்டது. அவனுக்கு 11 வயது, அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கு. அதை தாயும் மகனும் தீர்க்கட்டும்.

நேற்று இரவு திரும்ப ஒரு பதிவு. வால் தெறோப்பில் ஒரு இரவு போட்டாயிற்றாம், மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டதாம், தொட்டிதானாம். இப்போது கேள்வி வேறு: ஊரில் இருந்து சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டு போகட்டோ? வேண்டாம், தம்பியினுடையதைத் தூக்கிக்கொண்டு போ, எங்கள் மூன்று கால் பிளக் அங்கே ஏறாது என்று அனுப்பினேன். "அப்ப வாளி?" என்று உடனே வந்தது.